போய்த் திரும்பும் நேரம்

வீடுகளுக்கு நெட் இணைப்புக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. நெட் சரியில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் போவேன். மடிக்கணினியை அவர்கள் ரவுட்டரில் நேராகச் செருகி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டுவேன். எந்த சர்வரோடு பேசி அளப்பது என்பதை அந்தத் தளமே தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதை. எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் இருப்பது எங்களுடையதுதான். குழித்துறையில், முதலாளி சுயம்புராஜின் நாற்காலிக்குப் பின்னால், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இருக்கிறது. திரையில் வேகம் காட்டும் முள் வலது பக்கம் போய் நிற்கும். பிங் இரண்டு மில்லி செகண்ட் என்று காட்டும். வாடிக்கையாளர் தலையாட்டிவிட்டு டீ வேண்டுமா என்று கேட்பார்.

பிங் என்பது ஒரு சிறு செய்தித் துண்டு இங்கிருந்து கிளம்பி, சர்வரைத் தொட்டு, பதிலோடு திரும்பி வர ஆகும் நேரம். வேகம் வேறு, இது வேறு. பெரிய குழாய் போட்டிருக்கலாம். திறந்தபிறகு முதல் சொட்டு விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் பிங். பலரும் அதைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் எங்கள் சர்வர் வரை போய்த் திரும்பும் நேரம் அது என்று தெரியாது. அவர்களுக்கு வேண்டியவர்கள் யாரும் எங்கள் சர்வருக்குள் இல்லை.

களியக்காவிளையில் கோழிக்கடை வைத்திருக்கும் ஷாஜன் ஒருவன்தான் கேட்டான். கடையில் ஆள் இல்லாத நேரம் கேம் ஆடுகிறவன்.

“அண்ணா, நான் சுடுகதுக்கு முன்னாலயே என்னைய சுட்டுப் போடுகானுவ. உங்க டெஸ்ட்ல ரெண்டுன்னு காட்டுது. ரெண்டுல ஒருத்தன் இப்பிடிச் சாவமாட்டான்.”

“கேம் சர்வர் சிங்கப்பூர்ல இருக்கு. நாங்க என்ன செய்ய?”

“அப்போ சிங்கப்பூருக்கு அளந்து காட்டுங்க. உங்க ஆபீசுக்கு அளந்தா எனக்கென்ன? நான் உங்க ஆபீஸ்லயா சாவுதேன்?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். என் மனைவி ரஷ்மி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை என்று அவனுக்குத் தெரியும். எனக்கு அந்தச் சொல் உறைக்கவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தபிறகுதான் ஏன் என்று யோசித்தேன். அதற்குள் அவன் கோழிக்கூட்டைத் திறந்து வேறு வேலைக்குப் போய்விட்டான்.

ரஷ்மி காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அவ்வளவுதான். காரியங்கள் முடிந்ததும் அவளுடைய அக்கா சபிதா எங்கள் மகள் அபிஷாவைத் தன்னோடு பஹ்ரைனுக்குக் கூட்டிப் போனாள். அவளுக்கும் அவள் கணவர் ராஜகுமாருக்கும் பிள்ளை இல்லை. கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. ஜூனில் இங்கே பள்ளிக்கூடம் திறக்கும்போது திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று முடிவு. என் அம்மா பார்வதியம்மாள் தேரூரிலிருந்து வந்து என்னோடு இருப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரியில் சபிதா கூப்பிட்டாள்.

“சுஜித், ஒண்ணு கேக்கணும். இங்க ஸ்கூல் அட்மிஷன் இந்த மாசத்தோட தீருது. பிள்ளைய இங்கயே சேத்துரட்டா?”

“ஜூன்ல அங்கேருந்து கொண்டு வரணும்னுல்லா பேசினோம்.”

“பேசினோம். ஆனா அவ உங்ககிட்டப் பேசமாட்டேங்காளே. போனைக் கையில குடுத்தா நிக்கமாட்டேங்கா. ஒரு வார்த்தை கேப்பா, உங்க பதில் வாறதுக்குள்ள ஓடிருவா. இப்பிடி இருக்கப்பட்ட பிள்ளைய அங்க கொண்டு விட்டா, யாருன்னு நினைச்சு உங்ககிட்ட ஒட்டும்?”

“அது நெட்டுனாலக்கா. இங்கேருந்து அங்க போய்ட்டு வாறதுக்கு நேரமாவுது.”

“அப்பிடியா?”

“ஆமா. சரி பண்ணலாம்.”

“நீங்க நெட்டுக்காரருல்லா. சரி பண்ணுங்க. அவ ஒரு நாளாவது உக்காந்து உங்ககூடப் பேசட்டும். அட்மிஷனே வேண்டாம், மே மாசம் நானே கொண்டு வந்து விடுதேன். இல்லேன்னா இங்கதான் சேப்பேன். பிறகு என்மேல வருத்தப்படக்கூடாது.”

சபிதா சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்த மாதம் முடியும்வரை நேரம் இருந்தது.

வீட்டில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினேன். படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். என் பக்கம் குறை இல்லை, உங்கள் பக்கம் பாருங்கள் என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ராஜகுமார் குரல் செய்தி அனுப்பினார். அவர் அங்கே ஒரு ஏ.சி. கம்பெனியில் சூப்பர்வைசர். என்னைவிட மூத்தவர். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

“மக்கா, உனக்க ஆபீசுக்கு நல்லா போவுது. ரொம்ப சந்தோஷம். உனக்க பிள்ளை அங்கயா இருக்கு?”

வாடிக்கையாளருக்குக் காட்டுவதையே எனக்கும் காட்டியிருந்தேன்.

இந்த முறை சர்வர் பட்டியலைத் திறந்து, பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் இருப்பதைக் கையால் தேர்ந்தெடுத்தேன். பிங் முந்நூறைத் தாண்டியது. செய்தி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தேன். குழித்துறையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து கடலுக்கு அடியில் அரேபியாவைச் சுற்றிக்கொண்டு பிரான்சு நாட்டில் ஒரு துறைமுக ஊர். அங்கே திரும்பி மறுபடியும் வளைகுடாவுக்கு. நான் அபிஷாவைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் குரல் அவளைத் தாண்டி ஐரோப்பா வரை போய்விட்டு வந்திருக்கிறது.

மறுநாள் சுயம்புராஜிடம் சொன்னேன்.

“அண்ணாச்சி, நம்ம கல்ஃப் டிராஃபிக் ஒக்க பிரான்ஸ் போய்ட்டு வருது.”

“பிரான்சுக்கா? எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாதே எடே.”

“நமக்கு மேல லைன் தாற கம்பெனிக்கு எழுதணும். மும்பையிலேருந்து நேர் வழியில விடச் சொல்லணும்.”

“எவன் கம்ப்ளைண்ட் பண்ணினான்?”

“நம்ம கஸ்டமர்ல பாதி வீட்டு ஆம்பிளை கல்ஃப்லதான இருக்கான்.”

“இருக்கான். ஒருத்தனாவது சொன்னானா? பெண்டாட்டி திட்டுகது பைய வந்து சேந்தா நல்லதுன்னுல்லா இருப்பான்.” மேசையில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து மறுபடியும் வைத்தார். “உள்ளதைச் சொல்லு. யாரு கேக்கா?”

“நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். அபிஷா பிறந்தபோது மோதிரம் போட்டவர் அவர். “எழுது. எனக்க பேரைப் போட்டு எழுது. நல்ல காரமா எழுது. மாசாமாசம் ரூவா வாங்குகானுவல்லா.”

எழுதினேன். பதில் இல்லை. சென்னைக்குப் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் வேறொருவரிடம். கடைசியில் ஒரு பெண் பொறியாளர் பொறுமையாகக் கேட்டு, மும்பையில் வேறு இணைப்பு இருப்பதாகவும் மாற்றிப் பார்ப்பதாகவும் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் காலையில் அளந்தபோது தொண்ணூற்றைந்து. மறுபடியும் அளந்தேன். தொண்ணூற்றாறு. குழித்துறைக்கும் பஹ்ரைனுக்கும் இடையில் இதைவிடப் பெரிதாக எதையும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

அன்று சாயங்காலம் கூப்பிட்டேன். அபிஷாவின் முகம் கலங்காமல் தெரிந்தது. மேலுதட்டில் பால் ஒட்டியிருந்தது. முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னவோ கேட்டாள். நான் பதில் சொன்னேன். திரையில் நாற்காலியின் முதுகு மட்டும் இருந்தது.

சபிதா போனை எடுத்தாள். “முகம் நல்லா தெரியுது சுஜித். பேச்சு முன்ன மாதிரியேதான். நீங்க வருத்தப்படாதீங்க, பிள்ளைகள் அப்பிடித்தான்.”

“இன்னும் கொஞ்சம் பாக்கணும்க்கா.”

“பாருங்க. மாசம் முடியுதுன்னு ஞாபகம் வச்சுக்கிடுங்க.”

பிங் மட்டுமே தாமதம் இல்லை. கேமரா படத்தைச் சுருக்க நேரம் எடுக்கும். அந்தப் பக்கத்துப் போன் அதை விரிக்க நேரம் எடுக்கும். துண்டுகள் முன்பின்னாக வந்தால் வரிசைப்படுத்தக் கொஞ்சம் தேக்கி வைக்கும். இதையெல்லாம் எந்த ஸ்பீடு டெஸ்ட்டும் காட்டாது. அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஒருவர் கை தட்ட வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் சத்தம் கேட்டதும் தட்ட வேண்டும். முதல் ஆள் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து ஒலிப்பதிவு செய்தால், இரண்டு தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் முழுத் தாமதம். ராஜகுமாரிடம் சொன்னேன்.

“கை தட்டணுமா? கச்சேரி எப்போ மக்கா?”

“விளையாடாதீங்க அண்ணே. பக்கத்துல இன்னொரு போனை வச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. பேசி முடியுகதுவரை ஆஃப் பண்ண வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. செய்தோம். அவர் தட்டினார், நான் தட்டினேன். பத்துப் பதினைந்து முறை. அபிஷா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். நானும் நானும் என்றாள். அவள் தட்டினாள், நான் தட்டினேன். அவள் சிரித்தாள். ராஜகுமார், “கண்டியா, அப்பாவுக்குக் கேக்குது,” என்றார். பிறகு அவள் என்னிடம் என்னவோ கேட்டாள். நான் பதில் சொன்னேன். அவள் போய்விட்டாள்.

ஒலிப்பதிவு மறுநாள் வந்தது. அலுவலகத்தில் மத்தியானம், சுயம்புராஜ் சாப்பிடப் போயிருந்தபோது திறந்தேன். ஒலியைத் திரையில் அலையாகப் பார்க்க ஒரு மென்பொருள் இருக்கிறது. தட்டு ஒரு கூர்மையான கோடு. அடுத்த தட்டு கொஞ்சம் சிறிய கோடு. நடுவில் முக்கால் செகண்டுக்கும் குறைவு. மனிதன் கேட்டுக் கை தூக்கும் நேரமும் அதில் அடக்கம். மிக நல்ல இணைப்பு. அபிஷா தட்டியதற்கும் அதே அளவு. வேறு ஒரு வீட்டில் இப்படி வந்திருந்தால் மடிக்கணினியை மூடிவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்பா, அடுக்களையில பல்லி இருக்கா?”

அபிஷாவின் குரல். அதன்பிறகு கோடு தட்டையாக ஓடியது. ஏ.சி. சத்தம் மட்டும் சின்ன நடுக்கமாகத் தெரிந்தது. நாற்காலி நகரும் ஓசை. பிறகு மறுபடியும் அவள் குரல், மெதுவாக, என்னை நோக்கி இல்லாமல்.

“பெரியம்மா, அப்பா ஸ்டக் ஆயிட்டாரு.”

தூரத்தில் சபிதா: “இப்போ சரியாவும் பிள்ளே. கொஞ்சம் இரு.”

“ஆவாது. எப்பவும் ஸ்டக்தான்.”

ஓடும் கால்கள். ஒரு கதவு. அதன்பிறகு போனிலிருந்து என் குரல். “இருக்கு மக்கா. டியூப்லைட்டுக்குப் பின்னால இருக்கு.” தெளிவாக இருந்தது. பிசிறு இல்லை. அங்கே யாரும் இல்லை.

கேள்வியின் முடிவையும் பதிலின் தொடக்கத்தையும் குறித்து அளந்தேன். பதினோரு செகண்ட். அதில் இணைப்புக்குச் சேர வேண்டியதைக் கழித்தேன். பத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

அவள் கேட்டதும் பதில் சொன்னதாகத்தான் என் நினைவு. கேள்வி வந்தது, சொன்னேன். நடுவில் எதுவும் இல்லை. எங்கும் போகவில்லை, எதையும் யோசிக்கவில்லை. ரஷ்மியையும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேன். வெறுமனே பத்து செகண்ட் என்னிடம் இல்லை.

இன்னொரு முறை கேட்டேன். சபிதா “கொஞ்சம் இரு” என்றதும் அபிஷா உண்மையிலேயே கொஞ்சம் இருந்திருக்கிறாள். நாற்காலி நகர்ந்ததற்கும் கால்கள் ஓடியதற்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருந்தது.

சுயம்புராஜ் வந்தார். “என்ன எடே, முகம் இப்பிடி இருக்கு? மறுபடியும் பிரான்சுக்குப் போயிட்டா?”

“இல்ல அண்ணாச்சி. லைன் கிளியரா இருக்கு.”

“பின்னே?”

நான் பதில் சொல்வதற்குள் அவர் போனில் வேறு யாருடனோ பேச ஆரம்பித்திருந்தார். எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியவில்லை. ஆனால் இத்தனை மாதமாக இவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்னிடமிருந்து வேறு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. கோபத்தில் இல்லை. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து.

சாயங்காலம் சபிதாவைக் கூப்பிட்டேன். அபிஷா தூங்குகிறாள் என்றாள்.

“அக்கா, நெட்டுல குறை இல்ல.”

“அப்போ சரியாயிட்டா?”

“நெட்டு சரியாயிட்டு. எனக்குத்தான் பதில் வாறதுக்கு நேரமாவுது. அளந்து பாத்தேன்.”

இணைப்பு நன்றாக இருந்தது. அவள் மூச்சு விடுவது கேட்டது.

“இதை ஏன் எங்கிட்டச் சொன்னீங்க சுஜித்? நெட்டு இன்னும் சரியாவல, நேரம் குடுங்கன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பேன்லா.”

“தெரியும்.”

“பின்னே?”

“அவ காத்து நிக்காக்கா. ரெக்கார்டிங்ல இருக்கு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் போறா.”

சபிதா மூக்கை உறிஞ்சினாள்.

“சேத்துருங்கக்கா,” என்றேன். “எனக்காண்டி அவ இப்பிடிக் காத்து நிக்கவேண்டாம். இந்த வருஷம் அங்க படிக்கட்டும்.”

“ஒரு வருஷத்துக்கு மட்டும். நீங்க நல்லாயிருவீங்க. பிறகு கொண்டு வந்து விடுவேன்.”

“சரி.”

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் பெட்டி கட்ட வேண்டாம் என்றேன். அவள் கொஞ்சம் அழுதாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

அடுத்த வாரம் ராஜகுமார் கூப்பிட்டார். சபிதா சொல்லியிருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

“மக்கா, நீ என்னத்துக்கு பிள்ளைகிட்டப் போயி இன்டர்வியூ எடுக்கா? என்ன படிச்சா, என்ன தின்னான்னு. கலெக்டர் மாதிரி.”

“பின்னே என்ன பேச?”

“பேசவே வேண்டாம். நாங்க பேச்சலர் ரூம்ல கிடந்தப்போ என்ன செய்வோம் தெரியுமா? எட்டுப் பேரு. சமைக்கப்பட்டவன் போனை மசாலா டப்பாவுல சாய்ச்சு வச்சிருவான். அங்க அவனுக்க பெண்டாட்டி மாவாட்டிக்கிட்டு இருப்பா. இவன் இங்க வெங்காயம் அரிவான். ஒரு மணிக்கூர் ஓடும். பேச்சே கிடையாது. இடையில அவ, ‘உப்புப் போட்டாச்சா’ன்னு கேப்பா. இவன் அரிஞ்சு முடிச்சிட்டுப் பதில் சொல்லுவான். எவனும் கோவிக்கமாட்டான். அவ அங்கதான இருக்கா, எங்க போவா? பதில் பைய வரட்டும் மக்கா. நீ போனை மட்டும் வையி.”

“அவ போயிருவாளே.”

“போவட்டும். சுத்திட்டு வருவா. அவ வரும்போ நீ அங்க இருக்கணும், அவ்வளவுதான்.”

இப்போது தினமும் வேலையிலிருந்து வந்ததும் கூப்பிடுகிறேன். ராஜகுமார் அங்கே போனை டி.வி. அருகே தாழ்வாக வைத்துவிடுவார். நான் இங்கே அடுக்களையில் புளி ஜாடியில் சாய்த்து வைப்பேன். அபிஷாவுக்கு ஏப்ரலில் பள்ளி தொடங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்து கலர் அடிக்கிறாள். சில நாள் திரையில் அவள் முழங்கால் மட்டும் தெரியும். சில நாள் அவள் வரவே மாட்டாள். காலியான தரையும், ஒரு பச்சை நிற கிரேயான் குச்சியும், சபிதாவின் கால்கள் போவதும் வருவதும் தெரியும். நான் அரிசி கழுவுவேன்.

நேற்று புளிக்கறி வைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, என்ன சத்தம் அது?”

கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. கறிவேப்பிலையை உருவிப் போட்டேன். அடுப்பைக் குறைத்தேன். எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை.

“கடுகு,” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு யானையின் காதுக்கு ஊதா நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். நாக்கு வெளியே நீட்டியிருந்தது. தலையைத் தூக்கவில்லை.

“ம்,” என்றாள்.